இரசாயனக் கல்வியும் மருந்தாராய்ச்சியும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களிலிருந்து நம் கலாசாலைக்கு வந்து இரசாயன சாஸ்திரத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொள்ளும் மாணவ மாணவியரை அவர்தம் வீட்டார் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. "படித்து முடித்தால் எந்தத் தோல் ஷாப்பில் எடுத்துக்கொள்வார்கள்?" என்பதே அது. மேற்கொண்டு எம்.எஸ்ஸி. வகுப்பும் முடித்து ஆராய்ச்சிக்குப் போக விரும்புவதாக எவரேனும் வாய் திறப்பாராயின், கேள்வி வேறோர் உருக்கொள்ளும். "ஐந்தாறு வருஷம் குப்பியும் குழாயுமாய் உட்கார்ந்து எதைக் கண்டுபிடிப்பாய்? மருந்தா? அதுவும் கிடைக்காமற் போனால்?" என்பர்.

இக்கேள்வியை நாம் ஏளனம் செய்யோம். கேட்பவர் பெரும்பாலும் கடன்பட்டுப் பிள்ளையைப் படிப்பித்தவர். தோல் ஷாப்பின் பரிசோதனை அறையிலோ, பாதரட்சைத் தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவிலோ முதல் மாதமே சம்பளம் கைக்கு வரும். ஆராய்ச்சி மாணவனின் உதவித்தொகையோ எப்பொழுது வரும் என்பதை அதை வழங்குவோரும் உறுதியாய்ச் சொல்லார். தோல் தொழிலை இழித்துரைப்பதும் நம் கருத்தன்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்தும் கைத்திறமே இவ்வூர்களுக்குச் சோறளித்தது. அத்தொழிலுக்கு இரசாயன அறிவை ஊட்டவே சென்னை அடையாற்றில் 1948-இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அங்கே பணியாற்றிய நாயுடம்மா அவர்களின் பெயரை நம் ஊர்த் தோல் வியாபாரிகளில் மூத்தோர் இன்றும் மரியாதையோடு சொல்லுவர்.

ஆயினும் வீட்டாரின் கேள்விக்குள் ஓர் எண்ணம் மறைந்து நிற்கிறது. மருந்தொன்று கைக்கு வந்தாலன்றி மருந்தாராய்ச்சி செய்தவன் வாழ்வு வீண் என்பதே அவ்வெண்ணம். வேறெந்த ஜில்லாவில் இவ்வாறு எண்ணினாலும் நம் ஜில்லாவில் எண்ணுதல் தகாது என்பது நம் துணிபு. ஏனெனில், யாருக்கும் பயன்படாதென்று அலமாரியில் கிடந்த இரசாயனப் பொருள்களால் நம் மக்கள் அடைந்த நன்மை மிகப் பெரிது.

1989-இல் திருவண்ணாமலை பிரிந்து, எஞ்சிய பகுதியும் 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பகுக்கப்பட்ட பழைய வட ஆற்காடு, தொழுநோய் மிகுந்திருந்த நிலப்பகுதிகளுள் ஒன்று. அந்நோய்க்கு நெடுங்காலம் நீரடிமுத்து எண்ணெயைத் தவிர வேறு கதியில்லை. ஊசி வழியே அதை ஏற்றிக்கொண்ட நோயாளிகள் பட்ட வலி பெரிது; அடைந்த குணமோ சிறிது. இந்நிலையை மாற்றியது 'டாப்ஸோன்' என்னும் வெண்ணிறப் பொருள். அது எவ்வாறு தோன்றியது என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும்.

1908-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்துப் பிரைபர்க் சர்வகலாசாலையில் எமில் பிரோம், யாக்கோப் விட்மன் என்னும் இருவர் பாரா-நைட்ரோதையோபீனாலின் வழிப்பொருள்களை ஒவ்வொன்றாக ஆக்கி, அவற்றின் இயல்புகளை எழுதி வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றே பின்னாளில் டாப்ஸோன் எனப் பெயர் பெற்றது. தொழுநோயை அவர்கள் கனவிலும் கருதவில்லை. மருந்து என்ற சொல்லே அவ்வாராய்ச்சியில் இடம் பெறவில்லை. அதே 1908-இல் வியன்னா நகரில் பால் கெல்மோ என்னும் மாணவர் தம் டாக்டர் பட்டத்துக்கென ஸல்பானிலமைடு என்ற பொருளை ஆக்கினார். இரண்டும் கால் நூற்றாண்டுக்கு மேல் நூல்நிலைய ஏடுகளில் துயின்றன. அவ்வருஷத்தில் அம்மூவரின் வீட்டார், "இதனால் யாது பயன்?" என்று கேட்டிருப்பின், நேர்மையான விடை, "ஒன்றுமில்லை" என்பதாகவே இருந்திருக்கும்.

துயில் எழுப்பியது ஒரு சாயம். நம் தோல் ஷாப்புகளில் டிரம்மில் இட்டுத் தோலுக்கு நிறமேற்றும் அஸோ சாயங்களின் இனத்தைச் சேர்ந்த புரொண்டோஸில் என்னும் சிவப்புச் சாயம் எலிகளை ஸ்டிரெப்டோகாக்கஸ் கிருமியினின்று காப்பதை ஜெர்மானியரான டோமாக் கண்டு 1935-இல் வெளியிட்டார். அவ்வாண்டே பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தார், சாயத்தின் நிறத்துக்கும் அதன் குணத்துக்கும் சம்பந்தமில்லை என்றும், உடலுக்குள் அது பிளந்து வெளிவரும் நிறமற்ற துண்டே நோயைத் தீர்க்கிறது என்றும் காட்டினர். அத்துண்டு வேறெதுவுமன்று, கெல்மோ 1908-இல் ஆக்கிய ஸல்பானிலமைடே. உடனே அதன் உறவினர் பொருள்களையெல்லாம் தேடியெடுத்துச் சோதிக்கத் தொடங்கினர். 1937-இல் டாப்ஸோனும் அத்தேடலில் அகப்பட்டது. கிருமியைக் கொல்லும் ஆற்றல் அதனிடம் மிகுதி. அதிக அளவில் கொடுத்தால் நஞ்சும் மிகுதி. ஆதலால் மருத்துவர் அஞ்சி ஒதுங்கினர்.

அமெரிக்காவில் கார்வில் என்னும் தொழுநோய் மருத்துவமனையில் பேஜட் என்பார் 1941-இல் அதன் வழிப்பொருளான புரோமினைக் கொடுத்துப் பார்த்து நற்பயன் கண்டார். புரோமின் விலையுயர்ந்தது, நரம்பு வழியே ஏற்ற வேண்டுவது, ஏழை நாட்டுக்கு ஏலாதது. தாய்ப்பொருளான டாப்ஸோனையே சிறு அளவில் கொடுத்தால் என்ன என்று துணிந்து 1946-இல் செங்கற்பட்டில் ஊசி வழியே தொடங்கியவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். அவர் நம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பையும் வகித்தவர். பின்னர் அது மாத்திரையாயிற்று, மலிவாயிற்று. 1955-இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்த காலத்தில், அங்கு வந்த நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கென்று கையில் ஒரு மருந்து இருந்தது. டாக்டர் பால் பிராண்ட் மடங்கிய விரல்களைச் சஸ்திர சிகிச்சையால் நிமிர்த்திய புகழை நாமனைவரும் அறிவோம்; அது புகழத்தக்கதே. ஆனால் நோயையே அடக்கிய மாத்திரை பிரைபர்க்கிலிருந்து வந்த கதையை நம் இரசாயன வகுப்புகளில்கூட எவரும் சொல்லக் கேட்டிலோம்.

இதற்கு ஒரு தங்கைக் கதையும் உண்டு. அயர்லாந்து தேசத்து டப்ளின் நகரில் வின்சென்ட் பாரியும் அவருடைய கூட்டத்தாரும் காசநோய்க்கு மருந்து காண விரும்பி வருஷக்கணக்காய்ப் பொருள்களை ஆக்கிச் சோதித்து, 1954-இல் குளோபாஸிமின் என்னும் செந்நிறப் பொருளை அடைந்தனர். எலியிடத்து நன்றாய் வேலை செய்த அது, பிற பிராணிகளிடத்து எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. தோல்வியென்றே அதைப் பலரும் தள்ளினர். 1962-இல் நைஜீரியாவில் அதைத் தொழுநோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தபோதுதான் அதன் இடம் தெரிந்தது. டாப்ஸோனை மீறும் கிருமிகள் தலையெடுத்த பின், உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் 1981-இல் விதித்த கூட்டுச் சிகிச்சையில் டாப்ஸோன், ரிபாம்பிஸின் என்ற இரண்டோடு இதுவும் சேர்ந்தது. உட்கொள்பவரின் மேனியைச் சிவந்து கறுக்கச் செய்யும் குறை அதற்குண்டு; சாயத்தின் பிறப்பு அதை விட்டுப் போகவில்லை. வியப்பு இன்னும் முடியவில்லை. 2018-இல் அந்நிறுவனம், வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு உரிய மருந்துகளின் வரிசையில் இதனை முன்னேற்றி வைத்தது. எந்நோய்க்கென ஆக்கினரோ அந்நோய்க்கே அது திரும்பி வர அறுபது வருஷம் கழிந்தது. ஆக்கியவர் அதற்குள் காலமாகிவிட்டார்.

இவையெல்லாம் வெள்ளைக்காரர் கதை. நம்மவர்க்கு அவ்வசதி ஏது என்பார் உண்டு. அவர்க்கு நாம் காட்டுவது சென்னையில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, அங்கேயே பேராசிரியராய் அமர்ந்த டாக்டர் டி. ஆர். கோவிந்தாச்சாரியின் வாழ்க்கையை.

1915-இல் பிறந்த இவர், மாநிலக் கல்லூரியில் பி. பி. டே என்னும் வங்காளப் பேராசிரியரிடம் ஆராய்ச்சி பயின்றார். யுத்தம் முடிந்த பின் அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலைக்குச் சென்று ரோஜர் ஆடம்ஸ் என்பாரிடம் செடிகளின் காரப்பொருள்களாகிய ஆல்கலாய்டுகளைப் பற்றிய வேலையில் ஈடுபட்டுத் திரும்பினார். அங்கேயே தங்கியிருக்கலாம், தங்கவில்லை. கடற்கரையை நோக்கி நிற்கும் அப்பழைய செங்கற் கட்டடத்தில், மாணவர்க்குப் பாடமும் சொல்லிக்கொண்டு, நம் நாட்டுப் பச்சிலைகளை எடுத்து ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்று நஞ்சறுப்பான் கொடி. ஈளைக்கும் சீதபேதிக்கும் நம் நாட்டு வைத்தியர் கையாண்ட கொடி அது. அதிலிருந்து டைலோபொரின் என்னும் ஆல்கலாய்டை ரத்னகிரீசுவரன், வெங்கடாசலம் என்னும் இருவர் 1935-இலேயே பிரித்தெடுத்திருந்தனர். ஆனால் அதன் உட்கட்டு எத்தகையது என்பது ஒருவர்க்கும் தெரியாது.

உட்கட்டை அறிதல் என்பது யாது? ஆம்பூரில் பாதரட்சை தைப்போர் அறிந்த வேலை அது. பிறர் தைத்த நல்ல ஜோடியொன்று கைக்கு வந்தால், தையல் தையலாய்ப் பிரித்து, எத்துண்டு எதன்மேல் எவ்வாறு பொருந்தியிருந்தது என்று குறித்துக்கொள்வர். பிறகு புதுத் தோலை வெட்டி, அதேபோல் தைத்துப் பார்ப்பர். இரண்டும் ஒத்திருந்தால் குறித்தது சரி. பொருளின் துகளைக் கண்ணாற் காண இயலாதென்பது ஒன்றே இரசாயன அறிஞனுக்குள்ள வேற்றுமை. இலையைச் சாராயத்தில் ஊறவைத்து, அமிலத்தில் கரைத்து, காரத்தால் வீழ்த்தி, பளிங்காகப் படியவைத்துத் தூய்மை செய்வான். எரித்து அதில் கரியும் நீர்வாயுவும் எத்தனை பங்கென்று எண்ணுவான். டைலோபொரினில் கரியணு 24, நீர்வாயு அணு 27, நைட்ரஜன் 1, பிராணவாயு அணு 4 என்று இவ்வாறே அறிந்தனர். பிறகு ஒவ்வொரு பிணைப்பாய் அறுத்து, வெளிவரும் துண்டு முன்னமே தெரிந்த எப்பொருள் என்று ஒப்பிடுவான். நாளொன்றுக்கு ஓர் அறுப்பு என்று முடிவதன்று இது. மாதக்கணக்காய் உழைத்துச் சேர்த்த சிறு துளிப் பொருள், ஒரு நாள் அடுப்புச் சூடு சற்று மிகுந்தால் கரியாய்ப் போம். காந்தப்புலத்தில் அணுக்களின் குரலைக் கேட்டு ஒரு பகற்பொழுதில் உட்கட்டை உரைக்கும் இக்கால இயந்திரங்கள் அக்காலத்து நம் கல்லூரிகளில் இல்லை.

கோவிந்தாச்சாரியும் அவர் மாணாக்கரும் 1950-களில் டைலோபொரினின் உட்கட்டை இவ்வாறு ஊகித்து, 1960-ஐ ஒட்டி லட்சுமிகாந்தம், விசுவநாதன் ஆகிய இருவரோடு சேர்ந்து அதனைச் செயற்கை முறையில் ஆக்கியும் காட்டினர். 1960-ஆம் ஆண்டிலேயே சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு இரசாயனத்துறையில் இவர்க்கு அளிக்கப்பட்டது. ஓர் இராஜதானிக் கல்லூரிப் பரிசோதனைச் சாலையின் மேஜையில் நிகழ்ந்த வேலை இது என்பதைப் படிப்போர் நினைவிற் கொள்க.

டைலோபொரின் மருந்தாயிற்றா? இல்லை. அதன் நெருங்கிய உறவான டைலோகிரெப்ரினைப் புற்றுநோய்க்கு மருந்தாக 1966-இல் மனிதரிடம் சோதித்தனர். மதி மயக்கமும் நடைத் தள்ளாட்டமும் கண்டதால் நிறுத்தினர். ஆகவே வீட்டார் அளவுகோலின்படி பத்தாண்டு உழைப்பு வீண்.

கணக்கை அத்தோடு முடித்தலும் சரியன்று. 1963-இல் கோவிந்தாச்சாரி பம்பாய் கோரேகாவில் தொடங்கிய ஸிபா ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராகி, 1975 வரை அங்கிருந்தார். மருந்து காண்பதற்கென்றே ஏற்பட்ட நிலையம் அது. அங்கே, சென்னையில் இவரிடம் பயின்ற கே. நாகராஜன் முதலானோரின் உழைப்பால் மனச்சோர்வு நோய்க்கு நைட்ராக்ஸஸெபின் என்னும் மருந்து பிறந்து, 'சின்டமில்' என்ற பெயரோடு கடைக்கு வந்தது. (அப்பெயரைக் காதாற் கேட்பவர்க்குச் செந்தமிழ் நினைவு வருதல் இயல்பே.) ஆனால் நாம் பெரிதாகக் கருதுவது வேறொன்று. அமெரிக்காவில் வால், வானி என்னும் இருவர் 1966-இல் ஒரு சீன மரத்தின் கட்டையிலிருந்து காம்ப்டோதெஸின் என்னும் பொருளைப் பிரித்தனர். புற்றுநோய்க்கு அது உதவும் என்ற நம்பிக்கை எழுந்தது. ஆனால் நோயாளிகளிடம் சோதித்தபோது மூத்திரப்பையைப் புண்ணாக்கியது. 1972-ஐ ஒட்டி அதைக் கைவிட்டனர். அதே 1972-இல், கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும் நம் மேற்குத்தொடர்ச்சி மலைகளில் வளரும் மேப்பியா பொடிடா என்னும் துர்நாற்ற மரத்தில் அப்பொருள் மிகுதியாக உண்டு என்று கண்டு வெளியிட்டனர். உலகம் கைவிட்ட பொருளுக்கு ஒரு புதிய மரத்தைக் காட்டியவர் இவர்கள். கைகொட்டுவார் யார்?

பதின்மூன்று வருஷம் சென்றது. 1985-இல், உயிரணுப் பிரியும்போது மரபிழையின் முறுக்கை அவிழ்க்கும் ஒரு நொதியைக் காம்ப்டோதெஸின் தடுக்கிறது என்பது வெளியாயிற்று. இத்தகைய வேலை செய்யும் பொருள் அதுவரை வேறெதுவும் அறியப்படவில்லை. மீண்டும் எல்லோரும் அதை நாடினர். நீரில் கரையுமாறும் நஞ்சு குறையுமாறும் அதை மாற்றி ஆக்கிய டோபோடெகான், இரினோடெகான் என்னும் இரண்டும் 1996-இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றன. சூலகப் புற்றுக்கு ஒன்றும், பெருங்குடற் புற்றுக்கு மற்றொன்றுமாக இன்று உலகெங்கும் பயன்படுகின்றன. அவற்றுக்கு மூலப்பொருள் தர நம் மலை மரமும் வெட்டப்பட்டது. அளவின்றி வெட்டியதால் அம்மரமே அருகிப் போயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். பட்டைக்காக ஆவாரஞ்செடியை உரித்த நம் ஊரார்க்கு இவ்வகைப் பேராசை புதிதன்று.

ஓய்வு பெற்ற பின்னும் இவர் சென்னைக்கு வந்து, முதுமையில் வேம்பின் விதைப் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார், 2001-இல் காலமானார். தாம் காட்டிய மரம் மருந்துக்கு உதவியதை அவர் உயிரோடிருந்து கண்டது அவருடைய நல்லூழ். பிரோமுக்கும் பாரிக்கும் அது முழுதும் வாய்க்கவில்லை.

எனவே வீட்டாரிடம் நாம் சொல்ல விரும்புவது இதுவே: உம் மகனோ மகளோ மருந்தொன்றைக் காண்பார் என்று எவரும் உறுதி கூற இயலாது, கூறுவார் உளராயின் நம்பற்க. ஆக்கப்படும் ஆயிரம் பொருளில் பெரும்பாலன பெயர்ச்சீட்டு ஒட்டிய குப்பியோடு முடியும். ஆனால் எக்குப்பி எப்பொழுது யாருக்கு உதவும் என்பதை ஆக்குகின்ற நாளில் அறிய வழியில்லாமையால், அனைத்தையும் தூயதாய் ஆக்கி, உண்மையாய் எழுதி வைப்பவன் தன் கூலிக்கு உழைத்தவனே ஆவான். அன்றியும், சேர்க்கை இரசாயனம் கைவரப்பெற்றவன் தோல் ஷாப்பிலும் வேலையின்றி நிற்கமாட்டான். தீங்கு விளைக்கும் அமீன்களை விடுக்கும் அஸோ சாயங்களை ஜெர்மனி 1994-இல் தடுத்தபோது, எச்சாயம் பிளந்து எவ்வமீனாகும் என்று அறிந்தவனைத் தேடியே நம் ஏற்றுமதியாளர் ஓட வேண்டியதாயிற்று. அவ்வறிவும் புரொண்டோஸிலைப் பிளந்து அறிந்த அறிவும் ஒரே குடும்பம்.

வீட்டாருக்குச் சொன்னதோடு அமையாமல் கலாசாலையாரிடமும் ஒன்று சொல்லத் துணிகிறோம். நம் மாணவர் மூன்று வருஷமும் செய்வது என்ன? பெயர் சொல்லாமல் கொடுத்த உப்பை எடுத்து, இன்ன அமில மூலம், இன்ன கார மூலம் என்று கண்டு எழுதுகின்றனர். அது நல்ல பயிற்சியே. கண்ணுக்கும் மூக்குக்கும் கூர்மை தரும். ஆயினும் பொருளொன்றை அடியிலிருந்து தாமே ஆக்கும் இன்பமும் துன்பமும் அதில் இல்லை. ஆஸ்பிரினோ அஸிடானிலைடோ பரீட்சைக்கென ஒருமுறை செய்வதோடு சரி. செய்த தூளும் மறுநாளே தொட்டியில் கொட்டப்படும்.

மூன்றாம் வருஷத்து மாணவர் ஒவ்வொருவரும் அனிலினில் தொடங்கி, அஸிடானிலைடு வழியாக, நான்கு படி ஏறிக் கெல்மோவின் ஸல்பானிலமைடை ஆக்குதல் வேண்டும் என்பது நம் கோரிக்கை. நூறு வருஷத்துக்கு முன் டாக்டர் பட்டத்துக்குரியதாயிருந்த வேலை இன்று பி.எஸ்ஸி. மாணவர் கைக்கு எட்டியதே. இடையில் குளோரோஸல்போனிக் அமிலம் வருகிறது. அது தண்ணீர் பட்டாற் சீறும், கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். ஆதலால் புகையை வெளியே இழுக்கும் கண்ணாடிப் பெட்டகம் பழுதின்றி இயங்குவது முதற்றேவை. கழிவை எங்கே விடுவது என்பதையும் அப்பாடத்தோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும். தோல் ஷாப்புகளின் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்டதைப் பற்றி உச்சநீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்த ஜில்லா இது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தில் நிலைபெற இவ்வூர் வழக்கும் துணை நின்றது. இங்கே இரசாயனம் கற்பவர், காரம் கொண்டு அமிலத்தைத் தணிக்காமல் ஒரு குப்பியையும் தொட்டியில் கவிழ்க்கலாகாது.

செலவுக்கு வழி யாது என்று கலாசாலையார் கேட்கலாம். நம் பழைய மாணவருள் தோல் ஷாப்பு நடத்துவோர் பலர். வருஷாந்தரக் கூட்டத்துக்கு வந்து விருந்துண்டு செல்லும் அவர்கள், கண்ணாடிப் பெட்டகம் இரண்டுக்கும் ஒரு நல்ல உருகுநிலைக் கருவிக்கும் உதவுதல் அரிதன்று. ஆக்கிய பொருளைக் கொட்டிவிடாமல் சிறு குப்பியிலடைத்து, ஆக்கியவர் பெயர், நாள், எடை, கண்ட உருகுநிலை ஆகியவற்றை எழுதி, பூட்டிய அலமாரியில் வைத்தல் வேண்டும். அடுத்த வருஷத்து மாணவர் அக்குப்பிகளை எடுத்து, எழுதியிருப்பது உண்மையா என்று சோதித்துப் பார்ப்பர்.